பழைய மவுண்டன் பைக்கின் வயது: ஃபிரேம் எண்ணா, பாகங்களின் எழுத்தா?

1980களிலோ 1990களின் முற்பகுதியிலோ செய்த மவுண்டன் பைக் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். பெடல் அச்சு ஓடும் குழாயின் அடியில், மண்ணும் கிரீஸும் அப்பிக்கிடக்கும் இடத்தில், ஓர் எண் குத்தப்பட்டிருக்கும். அது கிடைத்துவிட்டால் வண்டியின் வயதும் கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். அதே வண்டியில் வேறொரு சாட்சியும் உண்டு. கிராங்கின் உள்பக்கத்திலும், பின்பக்க கியர் மாற்றியின் முதுகிலும், பிரேக் கைகளின் பின்புறத்திலும் இரண்டு ஆங்கில எழுத்துகள் நெல்மணி அகலத்தில் பதிந்திருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். வயதைக் கேட்டால் நான் முதலில் நம்புவது இந்த எழுத்துகளைத்தான். எண்ணுக்கு இரண்டாம் இடமே தருவேன்.

எண்ணைக் குறைத்து மதிப்பிடவில்லை. சில கம்பெனிகளின் எண்கள் அவ்வளவு தெளிவாகப் பேசும். அமெரிக்காவின் கேனன்டேல் 1980களில் தன் அலுமினிய ஃபிரேம்களில் குத்திய எண் இதற்கு நல்ல உதாரணம். முதல் இரண்டு இலக்கம் ஃபிரேமின் அளவு, அங்குலத்தில். அடுத்த ஆறு இலக்கம் மாதம், தேதி, ஆண்டு. மீதி வரிசை எண். 20031488 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்ததும் இது 20 அங்குல ஃபிரேம், 1988 மார்ச் 14இல் செய்தது என்று சொல்லிவிடலாம். எந்தப் பதிவேட்டையும் புரட்ட வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். எல்லோரும் இப்படிக் குத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவையிருக்காது.

பெரும்பாலான ஃபிரேம்களின் எண் அப்படி இல்லை. 1980களில் அமெரிக்க பிராண்டுகளின் பெயரில் விற்ற வண்டிகளில் கணிசமானவை ஜப்பானிலும் தைவானிலும் செய்யப்பட்டவை. தைவானின் ஜயன்ட் போன்ற ஒரே தொழிற்சாலை பல பிராண்டுகளுக்கு ஃபிரேம் செய்து கொடுத்தது. குத்தியிருக்கும் எண் தொழிற்சாலையின் கணக்கா, பிராண்டின் கணக்கா என்பதே முதல் குழப்பம். அடுத்த குழப்பம் ஆண்டைக் குறிக்கும் ஒற்றை இலக்கம். '8' என்றிருந்தால் 1988ஆகவும் இருக்கலாம், 1998ஆகவும் இருக்கலாம். எண்ணுக்குப் பொருள் சொல்லும் பதிவேடு கம்பெனியிடம் இருந்திருக்கும். கம்பெனி திவாலாகியோ கைமாறியோ போனால் பதிவேடும் போய்விடும். 1992இல் திவால் மனு கொடுத்த ஷ்வின் போல, அந்தக் கால அமெரிக்க சைக்கிள் தொழிலில் அதற்குக் குறைவில்லை.

கல்வெட்டு படிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. 'கோப்பரகேசரி வர்மற்கு யாண்டு' என்று தொடங்கும் சோழர் கல்வெட்டில் ஆட்சியாண்டு இருக்கும். ஆனால் பரகேசரி, ராஜகேசரி என்ற பட்டங்களைச் சோழர்கள் மாறி மாறிச் சூடினார்கள் என்பதால், எந்தப் பரகேசரி என்பது தெரியாது. அப்போது அறிஞர்கள் எழுத்தின் வடிவத்தைப் பார்க்கிறார்கள். பதிவேடு இல்லாத ஃபிரேம் எண்ணும் அரசன் பெயர் இல்லாத ஆட்சியாண்டுதான். தொகை கையில் இருக்கும், எங்கிருந்து எண்ணுவது என்பது இருக்காது.

பாகங்களில் உள்ள எழுத்துக்கு இந்தக் குறை இல்லை. ஜப்பானின் ஷிமானோ பல ஆண்டுகள் ஒரே முறையைக் கடைப்பிடித்தது. முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். ஆண்டுக் கணக்கு 1976இல் 'ஏ' என்று தொடங்குகிறது. 1977 'பி', 1978 'சி' என்று போய், 1988 'எம்', 1989 'என்', 1990 'ஓ'. மாதத்துக்கு ஜனவரி 'ஏ', டிசம்பர் 'எல்'. ஆகவே 'என்ஜே' என்றால் 1989 அக்டோபர். எந்த பிராண்ட் வண்டியில் மாட்டியிருந்தாலும், எந்த நாட்டில் விற்றிருந்தாலும் பொருள் மாறாது. 26 எழுத்துகள் தீர்ந்ததும் கணக்கு மறுபடி 'ஏ'யிலிருந்து தொடங்கியது என்பதால் 'எம்' என்பது 2014ஐயும் குறிக்கலாம். ஆனால் 1988 கிராங்கையும் 2014 கிராங்கையும் பக்கத்தில் வைத்தால் யாரும் குழம்ப மாட்டார்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஷிமானோவின் போட்டியாளரான சன்டூரும் ஆண்டுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என இரண்டு எழுத்தே பதித்தது. ஆனால் அதன் ஆண்டுக் கணக்கு வேறு இடத்தில் தொடங்குகிறது. ஒன்றின் அட்டவணையை வைத்து மற்றதைப் படித்தால் ஆண்டு தப்பிப்போகும்.

பாகங்களின் பெரிய பலம் அவை பல என்பதுதான். எண் ஒற்றைச் சாட்சி, சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்க்க வழியில்லை. ஷிமானோ பாகங்கள் பூட்டிய ஒரு வண்டியில் கிராங்க், முன்பக்க, பின்பக்க கியர் மாற்றிகள், பிரேக் கைகள் என்று நான்கைந்து இடத்தில் எழுத்து இருக்கும். அவை ஒன்றையொன்று சரிபார்க்கும். பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது: பாகங்கள் கழலும், மாறும். மவுண்டன் பைக் பாறையிலும் சேற்றிலும் அடிபடுவதற்கென்றே பிறந்தது. செயினும் பின் பல்சக்கரங்களும் தேயும். பின்பக்க கியர் மாற்றி பாறையில் மோதி முறியும். டயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் எல்லா எழுத்துக்கும் ஒரே மதிப்பு தரக்கூடாது. முன்பக்க கியர் மாற்றியையும் பிரேக் கைகளையும் காரணமில்லாமல் யாரும் மாற்றுவதில்லை. கிராங்கும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். இந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்து மாதங்களைச் சொன்னால், நான் அதற்கு மேல் சந்தேகப்பட மாட்டேன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கிராங்கில் 'என்ஐ', முன்பக்க கியர் மாற்றியில் 'என்ஜே', பிரேக் கைகளில் 'என்ஜே', பின்பக்க கியர் மாற்றியில் 'எஸ்டி' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மூன்றும் 1989 செப்டம்பர், அக்டோபர். கடைசியது 1994 ஏப்ரல், பின்னால் மாற்றியது. ஒத்துப்போகும் பாகங்களில் எது பிந்தியதோ அதற்கு முன்னால் வண்டியைப் பூட்டியிருக்க முடியாது. ஆகவே 1989 அக்டோபருக்குப் பிறகு, அநேகமாகச் சில மாதங்களுக்குள், இந்த வண்டி உருவாகியிருக்கிறது. அப்படியானால் இது 1989 மாடலா? இல்லை, 1990 மாடலாகவே இருக்கும். சைக்கிள் கம்பெனிகள் அடுத்த ஆண்டின் மாடல்களை முந்தைய ஆண்டின் பின்பாதியிலேயே செய்யத் தொடங்கிவிடும். எழுத்து தருவது பாகம் பிறந்த மாதம், எண் தருவது அதிகம் போனால் ஃபிரேம் பிறந்த நாள். விற்பனைக்காக வைத்த மாடல் ஆண்டு அந்தந்த ஆண்டு கேட்டலாகில் உள்ள நிறத்தையும் பாகப் பட்டியலையும் ஒப்பிட்டால்தான் கிடைக்கும். இந்த மூன்று தேதிகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரே வண்டிக்கு இருவர் இரண்டு வயது சொல்லிச் சண்டை போடுகிறார்கள்.

எழுத்தே இல்லாத பாகங்களும் உண்டு. ஐரோப்பியப் பாகங்கள் பலவற்றில் இந்த முறை கிடையாது. 1981இல் வந்த ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பர் பெரிய அளவில் செய்து விற்ற முதல் மவுண்டன் பைக்குகளில் ஒன்று. அதில் பிரெஞ்சு டிஏ கிராங்க், பிரெஞ்சு மஃபாக் பிரேக், ஜெர்மனியின் மோட்டார் சைக்கிள் பிரேக் லிவரான மகுரா, ஜப்பானின் சன்டூர் கியர் என்று நாலு திசையிலிருந்தும் சேர்த்த பாகங்கள் இருந்தன. மலைக்கென்று ஒரு முழுத் தொகுப்பை அதுவரை யாரும் செய்யவில்லை. 1982இல் ஷிமானோ டியோர் எக்ஸ்டி வந்தபிறகு அந்த நிலை மாறியது. ஆகவே இப்படிக் கலந்துகட்டிய பாகங்களே ஒரு காலத்தின் முத்திரை.

இங்கேதான் ஃபிரேம் மறுபடி பேசத் தொடங்குகிறது. இந்த முறை எண்ணால் அல்ல, உடம்பால். எண் படிக்க முடியாத ஃபிரேமிலும், கழற்ற முடியாதபடி பற்றவைத்த சில அடையாளங்கள் உண்டு. பின்பக்க பிரேக்கைச் சக்கரத்தின் மேலே வைக்காமல், பெடலுக்குப் பின்னால் செல்லும் கீழ்க்குழாய்களில் பூட்டும் யூ பிரேக் 1986 முதல் 1988 வரை கொடிகட்டிப் பறந்தது. சேறு அடைத்துக்கொள்கிறது என்று விரைவிலேயே கைவிடப்பட்டது. அந்த இடத்தில் பிரேக் ஆணிகள் இருந்தால் காலம் ஏறத்தாழ முடிவாகிவிட்டது. பின் சக்கரம் உட்காரும் இடைவெளியும் அப்படியே. 1980களின் நடுவில் 130 மில்லிமீட்டர் வழக்கமாக இருந்தது, 1990 வாக்கில் அது 135 ஆனது. ஸ்கேல் ஒன்று போதும், அளந்துவிடலாம். ஆனால் யாரோ ஒரு மெக்கானிக் குழாய்களை அகட்டியிருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

பாகங்களின் தொழில்நுட்பமும் எல்லை போடும். ஒவ்வொரு கியருக்கும் 'கிளிக்' என்று நிற்கும் லிவர்கள் மலைவண்டிகளில் 1987 வாக்கில் பரவின. ஹேண்டில்பாருக்குக் கீழே கட்டைவிரலால் தள்ளும் ரேப்பிட்ஃபயர் லிவர் 1990 வாக்கில் வந்தது. வி பிரேக் 1996. இவை 'இதற்கு முன் இல்லை' என்று மட்டுமே சொல்லும். பழைய ஃபிரேமில் புதிய பாகம் மாட்டுவது சுலபம் என்பதால் வி பிரேக்கைப் பார்த்து 1996 என்று எழுதிவிடுவது அவசரம்.

எண்ணும் எழுத்தும் முரண்படும்போதுதான் இந்த ஆராய்ச்சி ருசிக்கிறது. ஃபிரேம் பழையது, பாகங்கள் எல்லாம் புதியவை என்றால் யாரோ வண்டியை மெருகேற்றியிருக்கிறார்கள். தலைகீழாக, பாகங்கள் எல்லாம் 1988, ஃபிரேம் மட்டும் 1991 என்றால், விரிசல் விட்ட பழைய ஃபிரேமுக்குப் பதிலாகக் கம்பெனி உத்தரவாதத்தில் புதிதைக் கொடுத்திருக்கலாம். உரிமையாளர் பழைய பாகங்களையே அதில் மாற்றிக்கொண்டிருப்பார். எண்ணை மட்டும் பார்த்தவர் இதை 1991 வண்டி என்று எழுதுவார். அதன் வரலாற்றின் பாதி அப்போதே காணாமல் போகிறது. இரண்டு தேதியையும் தனித்தனியே எழுதிவைப்பதுதான் அந்த வண்டிக்குச் செய்யும் நியாயம்.

இந்த முரண் மவுண்டன் பைக்கின் பிறப்பிலேயே இருக்கிறது. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், டமால்பைஸ் மலைப் பகுதியில் இறங்கி விளையாடிய இளைஞர்கள் பழைய இரும்புக் கடைகளிலும் கொல்லைகளிலும் கிடந்த 1930கள், 1940களின் ஷ்வின் எக்ஸெல்சியர் வண்டிகளை வாங்கி உரித்துப் புதுப் பாகங்கள் பூட்டினார்கள். 'கிளங்கர்' என்று அவற்றுக்குப் பெயர். 1976 அக்டோபர் 21 அன்று முதல் போட்டி நடந்த சரிவுக்கு ரீபேக் என்று பெயர் வந்ததும் அந்தப் பழைய வண்டிகளால்தான். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக், இறக்கத்தில் சூடேறி கிரீஸ் முழுவதும் ஆவியாகிவிடும். கீழே வந்ததும் மறுபடி கிரீஸ் நிரப்ப வேண்டும், ஆங்கிலத்தில் 'ரீபேக்'. 1977இல் அந்த இளைஞர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதிய குழாய்களில் ஃபிரேம் கட்டத் தொடங்கியபோதுதான் ஃபிரேமின் வயதும் வண்டியின் வயதும் ஒன்றாயின. அவருடைய முதல் பிரீஸர் இன்று அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் ஆண்டைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை.

கிளங்கர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவற்றின் எண்ணை ஷ்வின் பதிவேட்டில் தேடுவதும் வீண். 1948க்கு முந்தைய பதிவேடுகள் சிகாகோ தொழிற்சாலைத் தீயில் போய்விட்டன. ஃபிரேம் எந்த ஆண்டு என்பதைக் குழாயின் வளைவையும் ஃபோர்க்கின் அமைப்பையும் பார்த்து ஏறத்தாழத்தான் சொல்ல முடியும். அது மலைவண்டியாக மாறிய காலத்தை அறிய, 1970களில் அதில் பூட்டிய கியர் மாற்றியையும் பிரேக்கையும் கழற்றிப் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.