தாயம் இருந்த வீட்டில் உயில்

நம் ஊர்ப் பத்திர எழுத்தர்கள் எழுதும் உயில்களில் ஓர் உறுதிமொழி தவறாமல் இடம்பெறும். யாருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இல்லாமல், நல்ல நினைவோடும் முழுச் சம்மதத்தோடும் எழுதிவைப்பதாக அது சொல்லும். வீட்டை விற்கும்போதும் அடமானம் வைக்கும்போதும் மன விருப்பம் வேண்டும்தான். ஆனால் உயிலுக்கு அந்த விருப்பமே உயிர்நாடி. சொல்லின் வேரும் அதுதான். ஆங்கிலத்தில் 'வில்' என்றால் விருப்பம். தமிழுக்கு வந்தபோது விருப்பம் என்ற பொருள் கழன்றுவிட்டது, பத்திரம் மட்டும் நின்றது.

'வில்' எப்படி 'உயில்' ஆயிற்று? தமிழ் வகரம் பல்லும் இதழும் சேர்வதால் பிறக்கிறது என்பது தொல்காப்பியக் காலத்து இலக்கணம். ஆங்கிலேயரோ அந்தச் சொல்லை இதழைக் குவித்துத் தொடங்குகிறார்கள். அந்தக் குவிவைக் கேட்ட தமிழ்க் காது முன்னால் ஓர் உகரத்தை வைத்துக்கொண்டது. ஈழத்தில் வெஸ்லியன் மிஷனை 'உவெஸ்லியன்' என்று எழுதியதும் இதே வழியில்தான். 'உயிர் போன பின் செல்லுபடியாவதால் உயில்' என்று சிலர் சொல்லும் விளக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் உண்மை அல்ல. உயிருக்கும் உயிலுக்கும் உறவு ஒலியில் மட்டுமே.

சொல் கடல் கடந்து வந்தது என்றால், அதற்கு முன் தமிழர் வீடுகளில் சொத்து எப்படிக் கைமாறியது? அந்த இடத்தில் இருந்த சொல் தாயம். இன்று தாயம் என்றதும் தாயக்கட்டைதான் நினைவுக்கு வருகிறது. சங்க நூல்களிலோ அது முன்னோரிடமிருந்து வரும் உரிமையைக் குறித்தது. அரசுரிமைக்கும் அதே சொல்தான். வடமொழியில் 'தாய' என்பது பங்கிட்டுக் கொள்ளும் குடும்பச் சொத்து. அதைப் பெறும் உரிமை உள்ளவர் 'தாயாத', நம் பேச்சில் தாயாதி. வங்காளத்து ஜீமூதவாகனர் எழுதிய நூலின் பெயர் தாயபாகம், அதாவது தாயத்தைப் பங்கிடுதல்.

தாயத்துக்கும் உயிலுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. உயில் ஒருவர் கொடுப்பது. தாயம் தானாகவே வந்து சேர்வது.

கரிகாலன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தாயம் பெற்றுவிட்டவன் என்கிறது பொருநராற்றுப்படை. காளிதாசனின் சாகுந்தலத்திலும் இதே கருத்தில் ஒரு காட்சி உண்டு. கப்பல் கவிழ்ந்து வணிகன் ஒருவன் இறக்கிறான். பிள்ளை இல்லாததால் அவன் செல்வம் அரசுக்குச் சேரும் என்கிறார் அமைச்சர். அவன் மனைவியரில் யாராவது கருவுற்றிருக்கிறார்களா என்று கேட்கிறான் துஷ்யந்தன். ஒருத்தி கருவுற்றிருப்பது தெரிந்ததும், வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கே தந்தையின் செல்வம் என்று தீர்ப்பளிக்கிறான். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 20ஆவது பிரிவில் இதையே விதியாக வைத்திருக்கிறது. ஒருவர் இறக்கும்போது கருவில் இருந்து பின்னர் உயிரோடு பிறக்கும் குழந்தைக்கு, முன்பே பிறந்திருந்தால் என்ன உரிமையோ அதே உரிமை.

தமிழகத்தில் வழங்கிய மிதாட்சரம் என்ற இந்துச் சட்ட முறை இன்னும் ஒரு படி மேலே போனது. அதன்படி தந்தை உயிரோடிருக்கும்போதே, அவருடைய பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறந்த கணத்திலேயே பங்கு உண்டு. தந்தை இறந்தால் அவர் பங்கு எஞ்சிய பங்காளிகளிடம் சேர்ந்துவிடும். அந்தச் சொத்தில் அவர் விட்டுச்செல்லத் தனியாக எதுவும் இல்லை, எனவே உயிலும் இல்லை. உயிலுக்கு நேரான சொல் வடமொழிச் சட்ட நூல்களிலும் கிடையாது என்பதை 19ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அதற்கு மிக அருகில் வருவது காத்தியாயன ஸ்மிருதியின் ஒரு விதி. அறத்துக்காகத் தருவதாக வாக்களித்துவிட்டுத் தந்தை இறந்துபோனால், மகன் அதைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

அறத்தின் வழியாகவே உயில் சென்னைக்குள் நுழைந்ததற்குப் பெரிய சான்று பச்சையப்ப முதலியார். 1794இல் இறப்பதற்குச் சில நாள் முன்பு தம் செல்வத்தைக் கோயில் அறங்களுக்கும் தருமங்களுக்கும் எழுதிவைத்தார். அவருக்குப் பின் வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன. கடைசியில் அந்தப் பணத்தின் ஒரு பகுதி கல்விக்குத் திரும்பியது. 1842இல் பள்ளியாகத் தொடங்கியதே பின்னாளில் பச்சையப்பன் கல்லூரி ஆனது.

கம்பெனி அரசு உயிலை எளிதில் ஏற்கவில்லை. இந்துக்களின் உயில் இந்துச் சட்டத்துக்கு இசைந்த அளவுக்கே செல்லும் என்று 1829இல் சென்னை மாகாணம் ஒழுங்குவிதி கொண்டுவந்தது. 1856இல் சென்னையிலிருந்து அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன நாகலட்சுமி அம்மாள் வழக்கில் நிலைமை தெளிந்தது. ஓர் இந்து உயிரோடிருக்கையில் எதைத் தானமாகக் கொடுக்க முடியுமோ, அதை உயிலாலும் கொடுக்கலாம் என்பது ஏற்கப்பட்டது. 1870இன் இந்து உயில்கள் சட்டம் சென்னை, மும்பை நகரங்களையும் கீழ்வங்காளத்தையும் தழுவியது. இன்று நடப்பிலிருக்கும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1927 ஜனவரி 1 முதல் இந்துக்கள் எழுதும் எல்லா உயில்களுக்கும் ஒரே முறையை விதித்தது.

இதற்கிடையில் வேறு சொற்களும் முயன்று பார்த்தன. தமிழ் விவிலியத்தின் எபிரெயர் நிருபம், 9ஆம் அதிகாரத்தில் 'மரணசாசனம்' என்ற சொல்லை ஆள்கிறது. இலங்கைத் தமிழரிடையே அது சட்ட வழக்கிலும் புழங்குகிறது. முஸ்லிம்களிடம் வசிய்யத் என்ற அரபுச் சொல் இருக்கிறது, அதன் விதியும் தனி. கடனும் அடக்கச் செலவும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வசிய்யத் செய்ய வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வாரிசு என்ற சொல்லும் அரபு தந்ததுதான். அரசு ஏடுகள் 'விருப்ப ஆவணம்' என்று எழுதிப் பார்க்கின்றன. மக்கள் வாயில் உயிலே நிலைத்துவிட்டது.

சொத்து எந்த வழியில் வந்தது என்பதைத் தமிழிலேயே துல்லியமாகப் பிரித்துவைத்தவர்கள் யாழ்ப்பாணத்தார். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த, தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டத்தில் மூன்று பெயர்கள் உண்டு. முன்னோர் வழி வந்தது முதுசம். பெண்ணுக்குத் திருமணத்தில் கொடுத்தது சீதனம். கணவனும் மனைவியும் வாழ்நாளில் ஈட்டியது தேடியதேட்டம். நம் பத்திரங்களில் 'சுயார்ஜிதம்' என்று எழுதப்படும் சொல்லுக்குப் பக்கத்தில் தேடியதேட்டத்தை வைத்துப் பார்த்தால், உழைப்பின் வியர்வை எந்தச் சொல்லில் இருக்கிறது என்பது விளங்கும்.

1956க்குப் பிறகு தாயமே மாறத் தொடங்கியது. உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் அவர் தாய், மனைவி, மகன், மகள் ஆகியோர் முதல் வரிசை வாரிசுகள். தந்தை அந்த வரிசையில் இல்லை. பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929இலேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டிருந்தது. தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்த மகள்களைப் பூர்வீகச் சொத்தில் பங்காளிகளாக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நடுவண் அரசின் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், 1949இல் உயிலின்றி இறந்த தந்தையின் சுயார்ஜித நிலம் அவர் மகளுக்கே சேரும், சகோதரர் பிள்ளைகளுக்கு அல்ல என்று தீர்ப்பளித்தது. பழைய சட்ட நூல்களிலும் மகளுக்கு இடம் இருந்ததை அந்தத் தீர்ப்பு விரிவாக எடுத்துக்காட்டியது.

ஆனால் 1956 சட்டத்தின் 30ஆவது பிரிவு இன்னொரு கதவையும் திறந்துவைத்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தம் பங்கைக்கூட ஒருவர் உயில் எழுதலாம் என்றது. அதனால் உயில் இல்லாவிட்டால் மகளுக்கும் சேரவேண்டிய தந்தையின் பங்கை ஒரு தாளில் எழுதி மகனுக்கே மாற்றிவிட முடிகிறது. விருப்பத்துக்கு விடுதலை தந்த அதே பத்திரம், தாயம் மெல்ல மெல்ல அடைந்த நீதியைப் பின்னுக்கு இழுக்கவும் பயன்படுகிறது. இது வருந்தத்தக்கது. நோயுற்ற மகனுக்கோ, கணவனை இழந்த மகளுக்கோ, கடைசிவரை கவனித்துக்கொண்ட பிள்ளைக்கோ கூடுதலாகக் கொடுக்க எண்ணும்போதுதான் உயில் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

எழுதுவது கடினமல்ல. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வது கட்டாயம் அல்ல, ஆனால் நல்லது. எழுதியவர் கையெழுத்திட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். இலங்கையின் 1840ஆம் ஆண்டுச் சட்டம் நொத்தாரிசு எனப்படும் நோட்டரியோடு இரண்டு சாட்சிகள், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் என்று கேட்கிறது. உயிலை எத்தனை முறையும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும்.

உயிலால் பயன்பெறுபவரே முன்நின்று எழுதவைத்திருந்தால் அது ஐயத்துக்கு இடம் தரும் என்று 1958இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் வழிகாட்டும் தீர்ப்பு. சாட்சி உயிரோடிருந்தால் அவரைக் கூண்டிலேற்றியே உயிலை மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே பங்கு பெறாதவராகவும், எழுதுபவரைவிட வயதில் இளையவராகவும் பார்த்துச் சாட்சி வையுங்கள். எழுதியிருப்பதையும் அது இருக்கும் இடத்தையும் நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். உடல்நலத்தோடு இருக்கும்போதே எழுதுங்கள். எழுதும்போது மகளின் பெயரையும் எழுதுங்கள்.