மூன்றாம் விதி இரண்டாவதானது: அமெரிக்கக் கூட்டமைப்பு விதிகளில் பர்க் திருத்தம்

விடுதலை பெற்ற அமெரிக்கர்களின் முதல் தேசிய அரசை ஆராயப் புகும் எவரும் மெரில் ஜென்சன் 1940இல் வெளியிட்ட நூலை எதிர்கொண்டாக வேண்டும். அக்காலத்தை நெருக்கடிக் காலமாக மட்டுமே கண்ட ஜான் ஃபிஸ்கின் 1888ஆம் ஆண்டுச் சித்திரத்தை அசைத்தவர் அவர். கூட்டமைப்பு விதிகள் கையாலாகாத இடைக்கால ஏற்பாடல்ல, சுதந்திரப் பிரகடனக் கொள்கைகளின் அரசமைப்பு வடிவம் என்று அவர் நிறுவ முயன்றார். அந்த முடிவை நான் பெரிதும் ஏற்கிறேன். அதற்கு அவர் சென்ற வழியைத்தான் ஏற்க முடியவில்லை.

அவர் கணிப்பில், 1776 ஜூலை 12 அன்று காங்கிரஸின் முன் வைக்கப்பட்ட ஜான் டிக்கின்சனின் வரைவு, மைய அதிகாரம் நாடிய பழமைத் தரப்பின் திட்டம். 1777 ஏப்ரலில் வட கரோலினாவின் தாமஸ் பர்க் கொண்டுவந்த திருத்தம் அதை முறியடித்த தீவிரத் தரப்பின் வெற்றி. வெளிப்படையாக ஒப்படைக்கப்படாத அதிகாரம் அனைத்தும் மாநிலங்களுக்கே உரியது என்பதே திருத்தத்தின் சாரம்.

இந்த வெற்றிக்கு முதன்மைச் சான்று, ஆளுநர் ரிச்சர்ட் காஸ்வெலுக்கு பர்க் 1777 ஏப்ரல் 29 அன்று எழுதிய கடிதம். அதை நிறுத்திப் படிக்க வேண்டும். ஏற்கப்பட்ட மூன்று விதிகளில் பெயர் பற்றிய முதலாவதும் பரஸ்பர உதவி பற்றிய மூன்றாவதும் எதிர்ப்பின்றி நிறைவேறின; இரண்டாவதற்கு மட்டும் இரண்டு நாள் விவாதம் நடந்தது என்கிறார். அந்த இரு நாட்கள் எவை என்பதைக் கடிதத்தை மட்டும் கொண்டு அறுதியிட முடியாது. அந்த விதி முதலில் மூன்றாவதாக இருந்தது என்கிறார். உள்ளாட்சியை மட்டும் மாநிலங்களுக்கு ஒதுக்கி மற்றதையெல்லாம் கைவிட்டுவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. தம் முன்மொழிவு எளிதில் விளங்காததால் வழிமொழியவே ஆள் வரத் தாமதமாயிற்று, தென் கரோலினாதான் முதலில் கைகொடுத்தது என்றும் எழுதுகிறார். ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு ஒன்று. நியூ ஹாம்ப்ஷயர் பிளவுபட்டது. எதிர்த்தது வர்ஜீனியா.

அவையோர்க்கு விளங்கவே நேரம் பிடித்த ஒரு முன்மொழிவைக் கட்சிகட்டிப் பெற்ற வெற்றி என்பது எப்படிப் பொருந்தும்? எதிர்த்துப் பேசியவர்களாக பர்க் குறிப்பிடும் இருவரையும் பாருங்கள். ஒருவர் ஜேம்ஸ் வில்சன். அவர் மைய அரசை விரும்பியவர்தான். மற்றவர் ரிச்சர்ட் ஹென்றி லீ. விடுதலைத் தீர்மானத்தை முன்மொழிந்தவர். 1787இல் புதிய அரசமைப்பு வந்தபோது மைய அதிகாரத்துக்கு அஞ்சி அதை எதிர்த்தவர். ஜென்சனின் இரு தரப்புப் பிரிவினையில் லீக்கு இடமே கிடைக்காது. இந்த ஒரு பெயரே அந்தப் பிரிவினையை ஐயுற எனக்குப் போதுமானது.

ஜென்சனுக்குச் சாதகமான பாட வேறுபாடு ஒன்றையும் மறைக்கக் கூடாது. குடியேற்றங்கள் எந்தச் செயலாலும் என்றும் பிரிக்க முடியாதபடி ஒன்றிணைகின்றன என்று டிக்கின்சனின் இரண்டாம் விதி தொடங்கியது. 1777 நவம்பர் 15 அன்று யார்க் நகரில் ஏற்கப்பட்ட பாடத்தில் அந்தத் தொடர் இல்லை. நட்புறவுக் கூட்டு மட்டுமே எஞ்சியது, அதுவும் மாநில இறைமை பற்றிய விதிக்குப் பின்னால். ஆயினும் அந்த உதவி விதி எதிர்ப்பின்றி நிறைவேறியதாக பர்க்கே சொல்வதால், தொடர் விழுந்ததை அவரது போராட்டத்தின் விளைவாக எண்ண இடமில்லை. இறுதி விதியில் ஒன்றியம் நிரந்தரமானது என்ற சொல் அப்படியே நின்றது. தனி ஒருவர் தம் ஆளுநருக்குத் தம் சாதனையைச் சொல்லும் கடிதம் இது என்பதையும் மறக்கலாகாது. பர்க் தம் எதிரியைப் பெரிதாக்கிக் காட்டினார், ஜென்சன் அதை நம்பினார் என்றே கருதுகிறேன்.

டிக்கின்சனின் வரைவையே எடுத்துப் படித்தால் இது தெளிவாகும். பேராளர்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுவர். அனுப்பியவர்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைக்கலாம். ஒவ்வொரு குடியேற்றத்துக்கும் ஒரே வாக்கு. அஞ்சல் துறையை நடத்துவதற்குத் தவிர, காங்கிரஸ் எந்த வரியும் சுங்கமும் விதிக்கலாகாது. வரி வாங்க முடியாத மையவாதத் திட்டம் என்று ஒன்று இருக்க முடியுமா? அதிகாரத்தில் நீடிப்போர் மீது குடியரசுவாதிகள் கொண்ட ஐயம் பர்க் வருமுன்பே பாடத்தில் ஊறியிருந்தது. ஆறாண்டில் மூன்றாண்டுக்கு மேல் ஒருவர் பேராளராக இருக்கலாகாது என்ற இறுதிப் பாடத்தின் வரம்பு, மேடிசனைக்கூட 1783இல் ஊருக்கு அனுப்பியது.

மாநிலங்கள் மேற்கே உரிமை கோரிய நிலங்கள் பற்றிய பிரச்சினையில் மட்டும் ஜென்சனின் சித்திரம் வலுவானது. மேரிலாந்து 1781 மார்ச் 1 வரை விதிகளில் கையெழுத்திடாமல் நிறுத்தி வைத்ததற்குக் கொள்கையைவிட நிலமே காரணம்.

கூட்டமைப்பின் பலவீனத்துக்கும் பர்க்கின் திருத்தத்தைக் காரணமாக்க முடியாது. காங்கிரஸ் 1781இல் கோரிய ஐந்து விழுக்காட்டு இறக்குமதிச் சுங்கம் மறு ஆண்டில் ரோட் ஐலாந்தின் மறுப்பால் வீழ்ந்தது. அது பர்க்கின் விதியால் வீழவில்லை. விதிகளைத் திருத்த எல்லா மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும் என்ற நிபந்தனையால் வீழ்ந்தது. அந்த நிபந்தனை 1776 ஜூலை வரைவிலேயே, கடைசி விதியாக இருக்கிறது.