வடலூர் அணையா அடுப்பும் கடலூர் வட்டாரத்தின் புயற்காலச் சமையலும்

கடலூர் மாவட்டம் வடலூரில் உள்ள சத்திய தருமச்சாலையின் அடுப்பு ‘அணையா அடுப்பு’ என்று அழைக்கப்படுகிறது. 1867 மே 23 அன்று இராமலிங்க வள்ளலார் மூட்டிய தீ இன்றுவரை அணையாமல் காக்கப்பட்டு வருகிறது என்பது அங்குள்ள மரபு. பலரும் இதை ஆன்மிகச் செய்தியாகவே அறிவர். ஆனால் ஐப்பசி பிறந்தாலே மக்கள் வானத்தை அண்ணாந்து பார்க்கும் ஒரு வட்டாரத்தில், ஒரு தீயை 150 ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றுவது சமையற்கூடத்தின் அமைப்பைப் பற்றிய செய்தியும் ஆகும்.

சாலையும் அடுப்பும்

வள்ளலார் சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்தார். சென்னை வாழ்க்கைக்குப் பின் சொந்த வட்டாரத்துக்குத் திரும்பிக் கருங்குழியில் பல ஆண்டுகள் தங்கினார். 1866ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் பஞ்சம் நிலவியது. அடுத்த ஆண்டே தருமச்சாலை தொடங்கப்பட்டது. பார்வதிபுரத்து மக்கள் அதற்காக ஏறத்தாழ 80 காணி நிலம் கொடுத்தனர். இன்றைய கணக்கில் இது 106 ஏக்கர் அளவு. கடலூர் - விருத்தாசலம் சாலையும் சென்னை - கும்பகோணம் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் வடலூர். பசியோடு நடந்துவரும் வழிப்போக்கனுக்கு எட்டும் இடத்தில் சாலை அமைந்தது.

இடத்தில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் இருந்தன. வடலூர் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிய செம்மண் மேட்டுநிலம். கடல்நீர் ஏறும் அச்சம் அங்கே இல்லை. ஆனால் ‘பெருவெளி’ என்ற பெயருக்கேற்ப அது திறந்த வெளி. காற்றைத் தடுக்கக் குன்றோ காடோ கிடையாது. இப்படிப்பட்ட வெளியில்தான், முதலில் மண்சுவரும் விழல் கூரையுமாகச் சாலை எழுந்தது. உறுதியான கட்டடம் பின்னர் வந்தது.

அடுப்பு ஏறத்தாழ 21 அடி நீளம், இரண்டரை அடி அகலமும் ஆழமும் கொண்டது. பல பாத்திரங்களை வரிசையாக ஏற்றலாம் என்பது வெளிப்படையான பயன். வேறொரு பயனும் உண்டு. ஆழமான குழியில் எரியும் தீயைப் பக்கக் காற்று எளிதில் கலைக்காது. தடித்த சுவர் சூட்டைப் பல மணி நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். இரவில் சாம்பலுக்கடியில் மூடி வைத்த கங்கு விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். காலையில் சுள்ளியைச் சேர்த்தால் போதும். தீப்பெட்டி பரவாத காலத்தில் எல்லா வீடுகளிலும் இருந்த பழக்கம்தான் இது. பெரிய அடுப்பில் கங்கு நிறைய என்பதால் அது சாகாமல் இருக்கும் வாய்ப்பும் அதிகம்.

வள்ளலார் 1874இல் மறைந்தார். தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அதற்குப் பின், 1876இல் தொடங்கியது. ஒருவரை நம்பி நடக்கும் அன்னதானம் அவரோடு முடிந்துவிடுவதுண்டு. நிலமும் கூரையும் அடுப்பும் கொண்ட இந்த ஏற்பாடு அவருக்குப் பின்னும் நின்றது.

காற்றும் அடுப்பின் மூலையும்

தமிழகத்தில் அடுப்பங்கரையைத் தென்கிழக்கில், அதாவது அக்கினி மூலையில் வைப்பது வழக்கம். இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடுவது அவசரமான முடிவு. இங்கே பருவக்காற்று இரண்டு: ஒன்று தென்மேற்கிலிருந்தும் மற்றொன்று வடகிழக்கிலிருந்தும் வீசும். இரண்டும் நேரெதிர்த் திசைகள். அடுப்பு தென்கிழக்கு மூலையில் இருந்தால் எந்தப் பருவத்திலும் புகையும் தீப்பொறியும் வீட்டின் குறுக்கே போகாமல் ஓரமாகவே வெளியேறிவிடும். வடமேற்கு மூலைக்கும் இதே நன்மை உண்டு. தென்கிழக்கு வாய்க்காதபோது வடமேற்கை இரண்டாம் இடமாக வைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது.

புயல் வரும்போது இந்தக் கணக்கு செல்லாது. வங்கக்கடல் புயல் இடஞ்சுழியாகச் சுழன்றபடி பெரும்பாலும் மேற்கு நோக்கி நகரும். அது கரையைக் கடக்கும் இடத்துக்கு வடக்கே உள்ள ஊரில் காற்று வடகிழக்கில் தொடங்கிக் கிழக்கு, தென்கிழக்கு என மாறும். தெற்கே உள்ள ஊரில் வடமேற்கில் தொடங்கி மேற்கு, தென்மேற்கு என மாறும். ஒரு பக்கம் மட்டும் தட்டி கட்டிய சமையற்கொட்டகை முதல் சில மணி நேரம் தாங்கும். பிறகு காற்று திறந்த பக்கமாகப் புகுந்து கூரையை உள்ளிருந்தே தூக்கிவிடும். நான்கு பக்கமும் சரிந்த, தாழ்ந்த இறவாணம் கொண்ட கூரை இதைவிட நன்றாக நிற்கும்.

கொல்லை அடுப்பு

தருமச்சாலைக்கு இருந்த வசதி குடிசைக்கு இல்லை. கடலூர், சிதம்பரம் பகுதிக் கிராமங்களில் ஏழை வீட்டு அடுப்பு பெரும்பாலும் வாசலிலோ கொல்லையிலோ இருந்தது. புகை ஒரு காரணம் என்றால், நெருப்பு பெரிய காரணம். கோடையில் ஒரு பொறி பறந்தால் கீற்றுக் கூரைகள் தெருவோடு எரிந்துபோகும். ஆகவே வெயிற்காலத்துக்கு நல்லதென்று அடுப்பை வெளியே வைத்தனர். அந்த அடுப்பே மழைக்காலத்தில் முதலில் கரைந்தது.

பெண்கள் இதற்கு வழி வைத்திருந்தனர். மழைக்காலத்தில் களிமண் அடுப்பைத் திண்ணைக்கோ தாழ்வாரத்துக்கோ தூக்கி வைப்பர். அடுப்புக்கு மேலே பரண் கட்டி, அங்கே விறகையும் வறட்டியையும் அடுக்குவர்; கீழே எரியும் தீயே அடுத்த நாளைக்கான விறகைக் காயவைத்துவிடும். அடுப்பு மேடையைத் தரையிலிருந்து உயர்த்தி ஆண்டுதோறும் மெழுகுவர். இவற்றை எந்தப் பொறியாளரும் வரைந்து கொடுக்கவில்லை. எழுதி வைக்கப்படாததால் வரலாற்று நூல்களிலும் இவை அதிகம் இடம்பெறவில்லை.

தானே புயல்

2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல் இருந்தது. பண்ருட்டி வட்டாரத்தின் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் வரவில்லை.

விழுந்த மரங்கள் எங்கும் கிடந்தன. அவற்றில் எரியும் விறகு இல்லை. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீர்தான். அது உலராமல் அடுப்பில் வைத்தால் புகையும், சோறு வேகாது. மரங்களுக்கு நடுவே இருந்துகொண்டே மக்கள் விறகுக்கு அலைய நேர்ந்தது. புயலைத் தாங்கும் சமையற்கூடத்தில் கூரைக்கு நிகராக உலர்ந்த விறகுக்கும் இடம் வேண்டும் என்பதை இந்த வட்டாரம் அப்போது கண்டது.

வெள்ளம் வேறு வகையான பகை. 2015 நவம்பரில் வடலூருக்கு அருகிலுள்ள நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பெருக்கெடுத்துச் சிதம்பரம் பக்கத்துக் கரையோரக் கிராமங்களைச் சூழ்ந்தது. அத்தகைய வேளையில் கனமான அடுப்பைவிடத் தூக்கிச் செல்லும் அடுப்பே உதவும். மேட்டில் நிற்கும் வடலூர் அடுப்பை அப்படியே கொள்ளிடக்கரைக் கிராமத்துக்குக் கொண்டுபோக முடியாது.

தானே புயலுக்குப் பின், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் குடிசைகளுக்குப் பதிலாக ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. கூரை பறக்காத வீடு என்பது இம்மக்களுக்குப் பெரிய பேறு. ஆனால் சிறிய கான்கிரீட் வீட்டுக்குள் விறகு எரித்தால் மூச்சு முட்டும். சிலிண்டர் வாங்கப் பணம் இல்லாத மாதங்களில் விறகடுப்பு மறுபடி வெளியே வருகிறது. வீட்டுச் சுவரையொட்டி நான்கு சவுக்குக் கழிகள் நட்டு, மேலே கீற்றோ தகரமோ போட்டு, கீழே மூன்று செங்கல் வைத்துச் சமைக்கிறார்கள். ஆணி சரியாக அடிக்காத தகரம் புயற்காற்றில் வெட்டுக்கத்தியாகப் பறக்கும். எனவே புயல் எச்சரிக்கை வந்ததும் அந்தத் தகரத்தைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, உலர்ந்த விறகில் ஒரு கட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைக்கிறார்கள்.