கணினி அரணும் காவலர் கடனும்

அரணின் சிறப்பைக் கூறவந்த திருவள்ளுவர் அதற்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தார். நீரும் நிலமும் மலையும் காடும் மதிலும் அரணாதலை விரித்துரைத்த அப்பெருந்தகையார், அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளிலே, எத்துணை மாட்சியுடையதாயினும் செயற்றிறன் இல்லாதாரிடத்து அரண் இருந்தும் இல்லாததேயாம் என்று முடித்தார். மதிலினும் அதனைக் காப்போரின் செயலே முதன்மையானது என்பது அவர் கருத்து. கணினிகளின் காப்பு வரலாற்றை ஆராயுமிடத்தும் இவ்வுண்மையே புலனாகின்றது. பெயர்பெற்ற ஊடுருவல்கள் பலவற்றிலே, புகுந்தவன் புதுவழி கண்டு புகுந்தானல்லன். காவலர் அறிந்திருந்தும் அடையாது விட்ட வாயிலாலேயே புகுந்தான். இதனை வரலாற்று நிகழ்ச்சிகள் சிலவற்றைக் கொண்டு நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்க காலக் கணினிகள் அறையொன்றினுள்ளே வைக்கப்பட்டன. அறையின் பூட்டே அவற்றின் காப்பாக அமைந்தது. ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையிற் பகிர்ந்து பயன்படுத்தும் முறை தோன்றிய பின்னரே, ஒருவரது கோப்பை மற்றொருவரிடமிருந்து காக்கவேண்டிய தேவை எழுந்தது. அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே பெர்னாண்டோ கோர்பற்றோ தலைமையில் 1961 ஆம் ஆண்டிற் செய்துகாட்டப்பட்ட காலப்பகிர்வு முறைமையிலே கடவுச்சொல் இடம்பெற்றது. ஆயின் அதனை மீறுதற்கு நெடுங்காலஞ் செல்லவில்லை. 1962 இல் அலன் ஷேர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் யாவும் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை மூலம் கணினியையே பணித்தார். அதுவும் அவ்வாறே அச்சிட்டுக் கொடுத்தது! திறவுகோல்கள் அனைத்தையும் ஓரிடத்தில் மூடாது வைத்ததே ஆண்டு நேர்ந்த குறையாகும்.

இக்குறையை நீக்கும் வழி பின்னர்க் கண்டறியப்பட்டது. யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையிலே கடவுச்சொல் உள்ளவாறே சேமிக்கப்படவில்லை. மீட்டெடுத்தற்கரிய ஒருவழிக் கணிப்பினால் அது வேற்றுருப் பெற்றுச் சேமிக்கப்பட்டது. பயனர் சொல்லைத் தட்டெழுதியவுடன் அதுவும் அவ்வாறே மாற்றப்பட்டு, இரண்டும் ஒத்தனவா என்று பார்க்கப்படும். எனவே கோப்பு களவு போயினும் சொல் நேரே வெளிப்படாது. கருவி திருந்தியது; மனிதர் பழக்கமோ திருந்தவில்லை. ரொபேட் மொறிஸ், கென் தொம்சன் ஆகிய அறிஞர் இருவர் 1979 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலே, தாம் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அஃதாவது 86 சதவீதம், மிகக் குறுகியனவாகவோ அகராதியிலும் பெயர்ப்பட்டியல்களிலும் உள்ளனவாகவோ எளிதிற் கண்டுபிடிக்கத் தக்கனவாய் இருந்தமையைக் காட்டினர். இம்மொறிஸ் என்னும் பெயரை வாசகர் நினைவில் இருத்துவாராக.

இவ்வெச்சரிக்கை எத்துணை உண்மையானது என்பதை 1986 ஆம் ஆண்டு காட்டிற்று. கலிபோணியாவிலுள்ள லோறன்ஸ் பேக்கிலி ஆய்வுகூடத்திலே வானியலாளரான கிளிபோட் ஸ்ரோல் என்பார், கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சதம் குறைந்த காரணத்தை ஆராயும்படி பணிக்கப்பட்டார். சிறு தொகைதானே என அவர் அதனைத் தள்ளிவிடவில்லை. அன்னியனொருவன் உட்புகுந்திருப்பதை உணர்ந்து, அவன் தட்டெழுதிய ஒவ்வோர் எழுத்தையும் அச்சுப்பொறியிற் பதியச் செய்து, மாதக்கணக்காகப் பின்தொடர்ந்தார். தடம் மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் போய் முடிந்தது. அங்கிருந்த குழுவினர் அமெரிக்கப் படைத்துறைக் கணினிகளிற் கண்ட செய்திகளைச் சோவியத் ஒற்றர் துறைக்கு விற்றமை பின்னர் வெளியாயிற்று. ஊடுருவியவன் கையாண்ட உபாயங்களோ பெரும்பாலும் எளியன. கணினியை விற்ற நிறுவனம் தொடக்கத்தில் இட்டுக்கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாதே விட்ட இடங்களிலே அவன் தடையின்றிப் புகுந்தான்.

இனி, இவ்வரலாற்றின் திருப்புமுனையாய் அமைந்த நிகழ்ச்சியை நோக்குவாம். 1988 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆந் திகதி மாலை, அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுகூடங்களையும் இணைத்த வலையமைப்பிலே கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலற்றுத் தளர்ந்தன. தன்னைத்தானே படியெடுத்துக் கணினி விட்டுக் கணினி தாவும் ‘புழு’ என்னும் செய்நிரலொன்று அவற்றினுள்ளே பெருகிக்கொண்டிருந்தது. வாக்ஸ், சண் என்னும் இருவகைக் கணினிகளே அதற்கு இலக்காயின.

அப்புழு புகுந்த வழிகள் ஆராயத்தக்கன. முதலாவது, மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் செய்நிரலிலே ஆக்கியோர் தமது பரிசோதனைக்கென வைத்திருந்த வாயில். பல இடங்களில் அது மூடப்படாமலே வழங்கப்பட்டிருந்தது. இரண்டாவது, பயனர் பற்றிய விவரங்களை வினவுவார்க்கு விடையிறுக்கும் சேவையிலிருந்த குறை. 512 எழுத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கிய அச்செய்நிரல், வருவது எவ்வளவென்று அளந்து பாராமையால், மிகையாய் வந்தது அயலிடத்திற் பரவிக் கணினிக்குக் கட்டளையாய் மாறிற்று. மூன்றாவது, கடவுச்சொல்லை ஊகித்தல். பயனரின் பெயர், அதனைத் தலைகீழாக எழுதிய வடிவம், தன்னுட் கொண்டிருந்த 432 சொற்களின் பட்டியல் ஆகியவற்றைப் புழு ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. ஒரு கணினியிற் புகுந்த பின், அதனை நம்பிக் கடவுச்சொற் கேளாது அனுமதித்த ஏனைய கணினிகளினுள்ளும் புகுந்தது. 1979 இற் சுட்டப்பட்ட பழக்கம் ஒன்பதாண்டுகளின் பின்னும் மாறாதிருந்தமை இதனாற் பெறப்படும்.

புழுவை இயற்றியவர் கோணெல் பல்கலைக்கழக மாணவரான ரொபேட் ரப்பன் மொறிஸ். மேற்கூறிய ஆய்வாளர் மொறிஸின் மைந்தர்! தந்தையோ அப்போது அமெரிக்க அரசின் கணினிக் காப்பு மையத்திலே தலைமை விஞ்ஞானியாய் விளங்கினார். புழு கோப்புக்களை அழிக்குமாறு ஆக்கப்பட்டதன்று. ஏற்கனவே தன் படியொன்று உள்ள கணினியில் அது அடங்கிப் போதற்கும் வழி செய்யப்பட்டிருந்தது. ஆயின், ஏழில் ஒரு முறை அவ்வாறு அடங்காது நிலைக்குமாறு அமைத்தமையால், படிகள் அளவின்றிப் பெருகிக் கணினிகளை முடக்கின. ஏறத்தாழ 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டன என்பது அக்கால மதிப்பீடாகும்.

பேக்கிலி, மசாச்சூசெற்ஸ், பேடியூ முதலிய இடங்களிலிருந்த அறிஞர் இரவு பகலாக உழைத்துப் புழுவைப் பகுத்தாய்ந்து, வாயில்களை அடைக்கும் திருத்தங்களை வெளியிட்டனர். அச்சத்தால் வலையமைப்பினின்றும் துண்டித்துக்கொண்டோரைத் திருத்தச் செய்தியும் சென்றடையவில்லை என்பது நோக்கற்பாலது. இவ்வனுபவத்தின் பயனாக அவ்வாண்டிலேயே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவசர உதவிக்கான ஒருங்கிணைப்பு மையம் நிறுவப்பட்டது. பின்னர் நாடுகள் பலவும் இம்முறையைப் பின்பற்றின; இலங்கையிலும் 2006 இல் இத்தகைய நிலையமொன்று தோன்றியது. இளைய மொறிஸுக்கு 1990 இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணிநேரச் சமுதாய சேவையும் 10,050 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன.

இத்துணைப் பட்டறிவும் பிற்காலத்தாரைத் திருத்திற்றா? 2017 ஆம் ஆண்டு மார்ச் 14 ஆந் திகதி மைக்குரோசொவ்ற் நிறுவனம் தனது விண்டோஸ் முறைமையிலிருந்த குறையொன்றுக்குத் திருத்தம் வெளியிட்டது. ஏறக்குறைய இரு திங்கள் கழித்து, மே 12 இல், ‘வனாக்கிரை’ என்னும் தீநிரல் அக்குறையின் வழியே புகுந்து, கோப்புக்களை மறையாக்கிப் பூட்டி, அவற்றை மீட்பதற்குப் பணங் கேட்டது. இங்கிலாந்தின் அரச மருத்துவச் சேவையிலே மருத்துவமனை நிருவாகங்களுள் மூன்றிலொரு பங்கு இடருற்றது. சத்திர சிகிச்சைகளும் நோயாளர் சந்திப்புக்களும் கைவிடப்பட்டன. 1988 இல் ஆராய்ச்சி வேலை தடைப்பட்டது. 2017 இலோ நோயாளி வாயிலில் நின்றார். திருத்தம் கையில் இருந்தும் இடாமையே இத்துன்பத்தைப் பரவச் செய்தது.

இதனாற் கணினி காப்போர் கொள்ளத்தக்க நெறி யாது? வெளியாகும் திருத்தங்களைத் தாமதியாது இடுதல். வேண்டாத சேவைகளை நிறுத்தி வாயில்களைக் குறைத்தல். விற்றோர் இட்ட கடவுச்சொல்லை முதனாளே மாற்றி, நீண்டதும் பிறிதோரிடத்து வழங்காததுமான சொற்றொடரை அமைத்தல். அதனோடு இரண்டாவது சான்றொன்றையும் வேண்டுதல். ஒவ்வொருவருக்கும் அவர் பணிக்கு வேண்டிய உரிமையை மட்டும் அளித்தல். கோப்புக்களின் படியை வலையமைப்பிற் சேராத வேறிடத்தில் வைத்து, அஃது உண்மையாகவே மீளுமா என இடையிடையே சோதித்தல். சேவையகத்தின் பதிவேட்டை நாடோறும் நோக்குதல் என்பனவாம். இவற்றுள் ஒன்றேனும் அரிய கலையன்று. ஆயினும் ஒரு நாள் செய்து ஓயத்தக்கதுமன்று.

75 சதத்தைப் புறக்கணியாத ஒருவரது கருத்து ஒற்றர் கூட்டமொன்றை வெளிப்படுத்தியது. இரண்டு திங்கள் இடப்படாத திருத்தமோ மருத்துவமனைகளின் வழமையையே குலைத்தது. கணினிக் கல்வி பயிலும் நம் மாணவருள் நாளை பாடசாலைக்கோ வங்கிக்கோ வைத்தியசாலைக்கோ கணினிக் காவலராய் அமர்வோர் பலராவர். புதிய செய்நிரல் இயற்றும் ஆற்றலோடு, அறிந்த குறையை அன்றே அடைக்கும் பழக்கமும் அவர்பால் அமையுமாயின், அவர் காவலை நம்பியிருப்போர் இடருறார்.