புலம்பெயர் தொழிலாளரும் காசநோய்ச் சிகிச்சையும்: கேளம்பாக்கம்

செங்கல்பட்டு மாவட்டத்தில், பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ளது கேளம்பாக்கம். இச்சாலையோரக் கட்டுமானப் பணிகளில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய மாநிலத்தவர் வேலை செய்கின்றனர். நோயுற்றால் அவர்கள் சிகிச்சையை முடிப்பதை வாழ்நிலையே பெரிதும் தீர்மானிக்கிறது.

காசநோய் இதற்குத் தெளிவான சான்று. மருந்துக்குக் கட்டுப்படும் வகைக்கு வழக்கமாக 6 மாதச் சிகிச்சை: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பின் 4 மாதம் மூன்று. இருமல் தணிந்ததும் குணமானதாக எண்ணி நிறுத்துவோர் உண்டு. ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். நோயாளியின் மொழியில் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அது அச்சத்தையே தரும். மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போகும். தகரக் கொட்டகையில் பலரோடு தங்குபவர், மேஸ்திரி வேலையிலிருந்து நிறுத்திவிடுவாரோ என்று மாத்திரையை மறைக்கிறார். சத் பூஜைத் திருவிழாவுக்கோ அறுவடைக்கோ ஊர் திரும்பும்போது தொடர்ச்சி அறுகிறது. பாதியில் விட்ட சிகிச்சை மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு வழிவிடும்.

சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் ஆய்வு, வீட்டுச் சிகிச்சையும் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு இணையான பலன் தரும் என 1959இல் காட்டியது. ஆனால் புலம்பெயர்ந்தவருக்கு அந்த வீடும் உறவும் அருகில் இல்லை.

நிக்‌ஷய் என்னும் அரசின் காசநோயாளர் பதிவுத் தளத்தின் எண் இருந்தால் எந்த மாநிலத்திலும் அரசு மருந்தைத் தொடரலாம். நோயாளிக்கான அரசு ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். ஊருக்குக் கிளம்பும் தொழிலாளியிடம் அந்தப் பதிவு எண்ணை எழுதிக் கொடுப்பது ஒப்பந்ததாரரின் கடமையாக வேண்டும்.