அடிவாரத்துல டிராக்டர், மலை மேல குதிரை

"டேய், சிறுமலைத் தோட்டத்துக்கு ஒரு குட்டி டிராக்டர் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு."

சித்தப்பா இப்படிக் கேட்டு ரெண்டு மாசம் ஆச்சு. ரிட்டயரான காசுல மலையில நாலு ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கார். மிளகு, காப்பி, எலுமிச்சை, கொஞ்சம் வாழை, நடுவுல ஒரு ஓட்டு வீடு. எனக்கு டிராக்டரைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் சின்ன வயசுல வாடிப்பட்டிப் பக்கம் யாரோ ஒருத்தர் வண்டியில மட்கார்டுல உட்கார்ந்து போனது மட்டும்தான். (அது எவ்வளவு பெரிய தப்புன்னு பின்னாடி சொல்றேன்.) ஆனா நமக்குத்தான் ஒரு வியாதி இருக்கே, எதைத் தேடப் போனாலும் அதோட பூர்வீகத்தைத் தோண்டாம விடமாட்டோம். அந்தக் கொசுவத்திதான் இது.

மதுரைலேருந்து திண்டுக்கல் போற ரோட்டுல வலது கை பக்கமா நீளமா ஒரு மலை கூடவே வருமே, அதான் சிறுமலை. 1985-ல திண்டுக்கல் மாவட்டம் பிரியுற வரைக்கும் மதுரை மாவட்டம்தான். அந்த ஊர் மலைவாழைக்கு 2008-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனா நல்ல தார் ரோடு இருக்கு. ஆனா தோட்டத்துலேருந்து ரோட்டுக்கு வாழைத்தாரையும் எலுமிச்சை மூட்டையையும் கொண்டு வர்றதுக்கு இன்னிக்கும் பல இடங்கள்ல குதிரைதான். ஒத்தையடிப் பாதையில ரெண்டு பக்கமும் மூட்டை தொங்க வரிசையா இறங்கி வரும்.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே மலை அடிவாரத்துல, கொடைரோடு பக்கம் கல்லடிப்பட்டியில டாஃபே கம்பெனியோட டிராக்டர் தொழிற்சாலை இருக்கு. கீழ டிராக்டர் செய்றாங்க, மேல குதிரை சுமக்குது. இத்தனை வருஷத்துல டிராக்டர் ஏன் மலையேறிக் குதிரையை விரட்டல? சித்தப்பா கேள்விக்கும் பதில் அங்கதான் இருக்கும்னு தோணுச்சு.

கதை 1917-ல ஆரம்பிக்குது. அமெரிக்காவுல ஹென்றி ஃபோர்டு 'ஃபோர்ட்சன்'னு மலிவா ஒரு டிராக்டர் கொண்டு வந்தார். நல்லா வித்துச்சு. ஆனா ஒரு பொல்லாத குணம் இருந்துச்சு. பின்னாடி சங்கிலி போட்டு இழுக்கிற கலப்பை ஒரு பாறையில மாட்டிக்கிச்சுன்னு வைங்க. சக்கரம் நின்னுடும், எஞ்சின் நிக்காது. அந்த விசை எங்கயாவது போகணுமே? வண்டியோட மூக்கு மேல தூக்கி, பின் அச்சைச் சுத்தி அப்படியே மல்லாந்து ஓட்டுறவர் மேலயே விழும். நிறைய பேர் இப்படிச் செத்தாங்க.

அதே 1917-ல அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் கிட்ட அந்த ஊர் வேளாண் வாரியம் டிராக்டர் உழவை மேம்படுத்துற வேலையைக் கொடுத்திருந்துச்சு. மனுஷன் கலப்பையை வண்டிக்குப் பின்னாடி தனியா இழுக்காம, வண்டியோட உறுப்பாவே மாட்டினா என்னன்னு யோசிச்சார். கீழ ரெண்டு கை, மேல ஒரு கை. கலப்பை மண்ணுல இழுபட்டா அந்த மேல் கை வண்டியை முன்னாடி அமுக்கும், மூக்கு தூக்காது. ஹைட்ராலிக் வேற சேர்த்து 1926-ல காப்புரிமை வாங்கினார். இன்னிக்கு உசிலம்பட்டியிலயும் மேலூர்லயும் ஓடுற எந்த டிராக்டரோட பின்பக்கத்தையும் பாருங்க, அதே மூணு கைதான்.

1946-ல வந்த அவரோட டிஇ20 சின்ன வண்டிதான். அதைப் பனிக்கு ஏத்த மாதிரி மாத்தித்தான் எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென்துருவம் போய்ச் சேர்ந்தார். ஃபெர்குசன் கம்பெனி 1953-ல மாஸி-ஹாரிஸோட சேர்ந்து, அப்புறம் மாஸி ஃபெர்குசன் ஆச்சு. அந்த மாஸியோட கூட்டு வச்சு 1960-ல சென்னையில ஆரம்பிச்சதுதான் டாஃபே. ஆக, அயர்லாந்துக்காரர் மூளையில உதிச்சது செம்பியம் வழியா நம்ம கல்லடிப்பட்டிக்கு வந்து சேர்ந்துச்சு.

சரி, மல்லாக்க விழுறதுக்கு மருந்து கிடைச்சாச்சு. பக்கவாட்டுல சாயுறதுக்கு? அதுக்கு ஃபெர்குசனோட மூணு கையும் உதவாது. அது வெறும் கணக்கு. ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல எவ்வளவு அகலம், வண்டியோட எடை மையம் தரையிலேருந்து எவ்வளவு உயரம், இது ரெண்டும்தான். அகலம் ஒரு மீட்டர், மையம் 70 சென்டிமீட்டர் உயரம்னா, சும்மா நிக்கிற வண்டி ஏறக்குறைய 35 டிகிரி சரிவுல கவிழும். ஓடுற வண்டிக்கு அந்த 35 கிடையாது. மேல் பக்கச் சக்கரம் ஒரு கல்லுல ஏறணும், கீழ் பக்கச் சக்கரம் ஒரு குழியில இறங்கணும், அந்த நேரம் பார்த்து ஸ்டியரிங்கை ஒடிக்கணும். 20 டிகிரியிலேயே கதை முடிஞ்சுடும்.

இங்கதான் நான் நினைச்சதுக்கு நேர்மாறா ஒண்ணு தெரிஞ்சுது. 'குட்டி டிராக்டர்னா மலைக்குப் பாதுகாப்பு'ன்னுதானே நாம நினைப்போம்? குட்டி டிராக்டரை ஒடுக்கமா செய்றதே மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல நுழையத்தான். ஒடுக்கம்னா சீக்கிரம் சாயும். எந்த குணத்துக்காக வாங்குறோமோ அதுவே ஆளைக் கவுக்கும். (சில வண்டிகள்ல ரிம்மைத் திருப்பிப் போட்டு அகலத்தைக் கொஞ்சம் கூட்டலாம்.)

அதனால 1959-ல ஸ்வீடன் நாட்டுல ஒரு சட்டம் போட்டாங்க. புது டிராக்டர் எல்லாத்துக்கும் கவிழ்ந்தாலும் ஆளை நசுக்காத மாதிரி கூண்டோ இரும்பு வளைவோ கட்டாயம். அங்க சாவு எண்ணிக்கை மளமளன்னு குறைஞ்சுது. அதே 1959 ஏப்ரல்லதான் ஃபரீதாபாத்துல ஐஷர் கம்பெனி இந்தியாவுல செஞ்ச முதல் டிராக்டரை வெளிய விட்டுச்சு. அவங்க கூண்டு மாட்டின வருஷம் நாம வண்டியே பார்த்தோம். நம்ம ரோட்டுல போற டிராக்டர்ல எத்தனைல அந்த வளைவு இருக்குன்னு அடுத்த தடவை எண்ணிப் பாருங்க. வளைவு இருந்து பெல்ட் போடலைன்னா முழுப் பிரயோஜனம் இல்ல. மட்கார்டுல உட்கார்ந்து வர்ற பையனுக்கு வளைவும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. அந்தப் பையன் நான்தான். பொழைச்சுக் கிடக்கேன்.

நம்ம சமவெளிக்கு இதெல்லாம் பெரிய கவலையா இல்ல. பெரியாறு தண்ணி பாயுற வயல்ல 35 ஹெச்பி மாஸி ராஜா மாதிரி ஓடுச்சு. சின்ன வயல்காரங்களுக்கு ஜப்பான் வழியா பவர் டில்லர் வந்துச்சு. பெங்களூர்ல 1967-ல மிட்சுபிஷி கூட்டோட விஎஸ்டி, கேரளாவுல 1973-ல காம்கோ. விஎஸ்டியே பிறகு 18.5 ஹெச்பியில நாலு சக்கரக் குட்டி ஒண்ணு கொண்டு வந்தாங்க, எம்டி 180டி. இப்போ மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார்னு 24 ஹெச்பியில நாலு சக்கர இழுவை வண்டிகளும் இருக்கு. மாஸி ஒன்றரை டன்னுக்கு மேலன்னா இதெல்லாம் ஒரு டன்னுக்குள்ள.

மலைக்கு நாலு சக்கர இழுவை ஏன் முக்கியம்னா, ஏறுறதுக்கு இல்ல, இறங்குறதுக்கு. சாதாரண டிராக்டருக்குப் பின் சக்கரத்துல மட்டும்தான் பிரேக். இறக்கத்துல எடை முன்னாடி போயிடும், பின் சக்கரம் லேசாகி வழுக்கும். நாலு சக்கரமும் இணைஞ்சிருந்தா முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். டீசலை மிச்சம் பிடிக்கிறேன்னு நியூட்ரல்ல இறங்குறதெல்லாம் தற்கொலை.

இவ்வளவையும் படிச்சுட்டு ஒரு டியூப் லெவலும் பத்தடிக் கயிறும் எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை மலைக்குப் போனேன். வீட்டைச் சுத்தி ஒரு ஏக்கர், பத்தடிக்கு ஒரு அடி இறக்கம், கிட்டத்தட்ட 6 டிகிரி. எந்த வண்டியும் ஓடும். மிச்சம் மூணு ஏக்கர், பத்தடிக்கு நாலடி. அதாவது 22 டிகிரி.

"சித்தப்பா, இந்த மூணு ஏக்கர்ல எந்தக் கம்பெனி வண்டியும் வேணாம். அதுவுமில்லாம மிளகும் காப்பியும் இருக்கிற இடத்துல உழுதா மழைக்கு மேல் மண்ணு பூரா கீழ போயிடும். புல்லு வெட்ட ஒரு மிஷின், சுமக்கக் குதிரை. அந்த ஒரு ஏக்கருக்கு வாடகை வண்டி போதுங்க. வேளாண்மைப் பொறியியல் துறையிலயே வாடகைக்குத் தர்றாங்க, உழவன் செயலியில பதிஞ்சுக்கலாம்."

அவர் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "உங்க தாத்தா கடைசி வரைக்கும் மாட்டு ஏர்தான்டா. ஒரு டிராக்டர் வாங்கணும்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேர்ந்தார்"னார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. இத்தனை நாள் நான் ஹெச்பி கணக்குப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். அவர் கேட்டது வேற.

போன வாரம் அந்த ஒரு ஏக்கர்ல காய்கறி போட வாடகைக்கு ஒரு குட்டி வண்டி வந்துச்சு. சித்தப்பா டிரைவர்கிட்ட கேட்டு ஒரே ஒரு சால் ஓட்டினார். வளைவு இருந்துச்சு, பெல்ட்டும் போட்டுக்கிட்டார். "ஏறுடா"ன்னு மட்கார்டைத் தட்டிக் காட்டினார். நான் ஏறல. வரப்புல நின்னு போட்டோ எடுத்தேன்.

உங்க ஊர் மலையில என்ன ஓடுது, யார் சுமக்குறாங்கன்னு சொல்லுங்க மக்கா.