ஒளிப்படச் சிற்பமும் நிலக்காட்சியும்

ஒளிப்படத்தையும் சிற்பத்தையும் ஒன்றாகக் கையாண்டு, நிலத்தை நம் கண் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதையே பொருளாக்கும் கலைப் போக்கு. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் உருப்பெற்றது. சிற்பத்தைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். காமிராவுக்கோ ஒரே கண். வைத்த இடத்தை விட்டு அது நகராது. ஒத்துப்போகாத இந்த இரண்டையும் வேண்டுமென்றே மோதவிட்டதுதான் இக்கலைஞர்கள் செய்த வேலை.

இதற்கு முன்னோடி கலைக்கூடத்தில் பிறக்கவில்லை, ஆய்வறையில் பிறந்தது. இரு கண்களிலும் சற்றே வேறுபட்ட பிம்பங்கள் விழுவதால்தான் ஆழம் தெரிகிறது என்று சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கினார். அதை மெய்ப்பிக்க அவர் செய்த கருவியே ஸ்டீரியோஸ்கோப். டேவிட் புரூஸ்டர் வில்லைகள் பொருத்திக் கையடக்கமாக்கிய வடிவம் 1851ஆம் ஆண்டின் லண்டன் பெரும் பொருட்காட்சிக்குப் பிறகு வீடுதோறும் புகுந்தது. மலையும் அருவியும் வரவேற்பறைக்கு வந்தன. அந்தக் கருவியில் கண் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விநோதம் தெரிந்திருக்கும்: குன்றுகள் உருண்டு திரண்டு தெரியாமல், அட்டையில் வெட்டி வரிசையாக நிறுத்தியவைபோலத் தெரியும். ஆழம் உண்டு, உடல் இல்லை. பாரிஸில் பிரான்சுவா வில்லேம் 1860களில் ஒருவரைச் சுற்றி 24 காமிராக்களை நிறுத்தி, கிடைத்த படங்களின் விளிம்புகளைக் கொண்டு களிமண்ணில் உருவம் வடித்தார். அவர் தொட்டது மனித உருவத்தை மட்டுமே, நிலத்தை அல்ல.

நிலத்துக்கு இது வந்து சேர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1967இல் இங்கிலாந்தில் மாணவராக இருந்த ரிச்சர்ட் லாங், ஒரு புல்வெளியில் போவதும் வருவதுமாக நடந்து, புல் மடிந்து நேர்கோடாகத் தெரிந்ததும் அதைப் படம் பிடித்தார். சில நாட்களில் புல் நிமிர்ந்துவிடும், படம்தான் எஞ்சும். சிற்பம் எது, புல்லா, நடையா, தாளா என்ற கேள்வியை இவ்வளவு சிக்கனமாக எழுப்பிய படைப்பு வேறில்லை.

நெதர்லாந்தின் யான் டிபெட்ஸ் (பிறப்பு 1941) கண்ணையே நேராகச் சீண்டினார். தொலைவில் போகப்போக எதுவும் சிறுத்துத் தெரியும். அதனால் தரையில் வரைந்த சதுரம் படத்தில் சரிவகமாகிவிடும். டிபெட்ஸ் இதைத் தலைகீழாக்கினார். தூரத்துப் பக்கம் அகன்ற சரிவகமாகப் புல்தரையில் கயிற்றைக் கட்டி, கணக்கிட்ட ஓரிடத்திலிருந்து படமெடுத்தார். படத்தில் அச்சான சதுரம் தெரிகிறது. அது தரையில் கிடக்கவும் இல்லை; புகைப்படத் தாளின் மேல் ஒட்டினாற்போல நிமிர்ந்து நிற்கிறது. 1967க்கும் 1969க்கும் இடையே செய்த இவற்றுக்கு அவர் இட்ட பெயர் ‘பெர்ஸ்பெக்டிவ் கரெக்‌ஷன்ஸ்’. திருத்தம் என்பது குறும்புதான்: திருத்தப்பட்டது படம், பொய்யானது தரை. ஓரடி விலகி நின்றாலும் மாயம் கலைந்துவிடும். இதே உத்தியை ஒரு கடற்கரையில் டிராக்டரால் மணலைக் கீறிச் செய்தார். திரைப்படக் கலைஞர் கெர்ரி ஷூம் அதைப் படமாக்கி, 1969 ஏப்ரல் 15 அன்று ஜெர்மன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘லேண்ட் ஆர்ட்’ நிகழ்ச்சியில் சேர்த்தார். கோடுகளை அலை அழித்ததும் படைப்பும் முடிந்தது.

அமெரிக்கரான ராபர்ட் ஸ்மித்சனின் (1938–1973) வழி வேறு. அவருக்குப் புல்வெளி அழகில் நாட்டமில்லை. கைவிடப்பட்ட சுரங்கமும் கல்குவாரியும் தொழிற்சாலை ஓரங்களும் வேண்டியிருந்தன. 1968இல் நியூஜெர்சியின் பிராங்க்ளின் சுரங்கப் பகுதியிலிருந்து அள்ளிய கற்களைச் சரிவக வடிவான ஐந்து மரத்தொட்டிகளில் கொட்டினார். அதே பகுதியை வானிலிருந்து எடுத்த படத்தை அதே ஐந்து வடிவங்களாக வெட்டிச் சுவரில் மாட்டினார். கல் கைக்கெட்டும், ஆனால் எந்த இடத்துக் கல் என்று சொல்லாது. படம் இடத்தைச் சொல்லும், ஆனால் கனமற்றது. இவ்வகைப் படைப்புகளை அவர் ‘நான்சைட்’ என்றார், அதாவது இடமல்லாத இடம். மறு ஆண்டு மெக்சிகோவின் யுகட்டானில் பன்னிரண்டு சதுரக் கண்ணாடிகளை ஒன்பது இடங்களில் மண்ணிலும் செடிகொடிகளிலும் செருகிப் படமெடுத்து, உடனே பிடுங்கிக்கொண்டார். தரையில் வானத் துண்டுகள் கிடக்கும் அந்தப் படங்களில் கண்ணுக்குக் கால்பாவ இடமில்லை. அவர் படைப்புகளில் ‘ஸ்பைரல் ஜெட்டி’யே பெயர்பெற்றது என்றாலும், பார்வையைப் பற்றிய சிந்தனையில் அதைவிட ஒரு படி முன்னே நிற்பவை இந்தக் கண்ணாடிகள்தாம்.

1970இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பீட்டர் பன்னல் தொகுத்த ‘போட்டோகிராபி இன்டு ஸ்கல்ப்சர்’ கண்காட்சி இத்துறைக்குப் பொதுப்பெயர் தந்தது. பெட்டி, பிளாஸ்டிக், துணி என்று பல பரப்புகளில் படம் ஏறியது. நிலம் அதில் ஓர் ஓரம் மட்டுமே. ஸ்மித்சனின் மனைவியும் ஒளிப்படக் கலைஞருமான நான்சி ஹோல்ட், காமிரா இல்லாமலே காமிராவைச் செய்தார். யூட்டா பாலைவனத்தில் 1976இல் முடிந்த அவரது ‘சன் டனல்ஸ்’ நான்கு கான்கிரீட் குழாய்களால் ஆனது. ஒவ்வொன்றும் 18 அடி நீளம், 9 அடி விட்டம். உள்ளே நிற்பவருக்கு எல்லையற்ற வெளி ஒரு வட்டச் சட்டத்துக்குள் அடங்கும். சூரியன் தெற்கிலும் வடக்கிலும் எட்டும் கடைக்கோடி நாட்களில் அதன் உதயமும் மறைவும் குழாய்களின் நேரில் வந்து விழும்.

பிற்காலத்தவரில் ஜெர்மானியரான தாமஸ் டேமாண்ட், சிற்பம் பயின்றவர். தம் காகித உருவங்களைப் பதிவு செய்யவே முதலில் காமிராவைத் தொட்டார். 2003இல் ஏறத்தாழ 2,70,000 காகித இலைகளை வெட்டி ஒரு காட்டை எழுப்பி, வெயில்போல விளக்கடித்துப் படமெடுத்தார். எட்ட நின்றால் காடு. நெருங்கினால் ஒரு பூச்சிக்கடியும் வாடலும் இல்லாத இலைகள். அமெரிக்காவின் லீதா வில்சன் மலைகளின் படத்தாள் மீது கான்கிரீட்டையே வார்க்கிறார்.

இத்துறையின் பெரும்பாலான படைப்புகளை நேரில் காண வழியில்லை. லாங்கின் கோடும் டிபெட்ஸின் சதுரமும் படமாக மட்டுமே உள்ளன. நேரில் போகக் கூடியவை யூட்டாவில் இரண்டு: ‘சன் டனல்ஸ்’, மற்றது கிரேட் சால்ட் ஏரிக்கரையில் 1970இல் கருங்கல்லால் அமைந்த 1,500 அடி நீளச் சுருளான ‘ஸ்பைரல் ஜெட்டி’. ஏரி நீர் உயர்ந்ததால் சில ஆண்டுகளிலேயே மூழ்கிய அது, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஒளிப்படமாகவும் திரைப்படமாகவும் மட்டுமே வாழ்ந்தது. 2000களில் வறட்சியால் வெளிப்பட்டது. பழைய படங்களில் தண்ணீர் சூழ்ந்து தெரியும் அந்தச் சுருளைச் சுற்றி இப்போது பெரும்பாலும் இருப்பது உலர்ந்த உப்புத் தரை.